கேமராவுக்கு பதில் சொல்றதுக்கு முன்னாடி அந்த அம்மாவ கேளுங்க – கோத்தகிரி வாசகிக்கு பதில்

கேள்வி: மேடம், நான் கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லைன் வீட்ல இருக்கேன், வயசு 34. வீட்டுக்காரர் பச்சை இலை லாரி ஓட்டுறார், சீசன்ல வீடு வர நடுராத்திரி தாண்டிடும். புள்ளைங்க தூங்கினதும் ஹெட்செட் மாட்டிக்கிட்டு போன்ல க்ரைம் டாக்குமெண்டரி பாப்பேன், நிஜமா நடந்த கொலை கேஸ் தான் புடிக்கும். பாத்து முடிச்சதும் பயம் வந்து தாழ்ப்பாள திரும்பத் திரும்ப போய் பாப்பேன், ஆனா மறுநாளும் பாக்காம இருக்க முடியல. இப்ப என்னன்னா, 12 வருஷத்துக்கு முன்னாடி எங்க லைன்ல, என்கூட படிச்ச பொண்ண அவ புருஷனே கழுத்த நெரிச்சு கொன்னுட்டான், அவனுக்கு ஆயுள் தண்டனையும் ஆயிடுச்சு. போன வாரம் ஒரு யூடியூப் டீம் வந்து அந்த கேஸ டாக்குமெண்டரியா எடுக்கறோம், நீங்க தான் பெஸ்ட் ஃப்ரெண்ட், பேசுங்க, ஸ்கூல் போட்டோ கொடுங்க, பணமும் தரோம், அவளுக்கு நியாயம் கிடைக்கும்னு சொல்றாங்க. சனிக்கிழமை திரும்ப வராங்களாம். அவ அம்மா எங்க வீட்டுக்கு மூணு வீடு தள்ளி தான் இருக்காங்க. அவ பொண்ணுக்கு அப்ப 2 வயசு, சம்பவத்தப்ப வீட்டுக்குள்ள தான் இருந்தா, இப்ப ஒன்பதாவது படிக்கிறா, அம்மா காய்ச்சல்ல போயிட்டான்னு தான் அவகிட்ட சொல்லி வச்சிருக்காங்க. நான் என் தோழிய கடைசியா பாத்தப்ப ஏப்ரல் வெயில்ல கழுத்துல மஃப்ளர் சுத்தியிருந்தா, ஏன்னு நான் கேக்கல. இதெல்லாம் பாக்குறதே தப்பா மேடம்? நான் பேசலாமா வேண்டாமா?

பதில்: வணக்கம்மா. முதல்ல நேரா சொல்லிடறேன். பாக்குறது தப்பு இல்ல. பேசறது மட்டும் இப்ப வேண்டாம், அந்த அம்மா பக்கத்துல போய் உக்காந்து நீங்க கேக்காத வரைக்கும் வேண்டவே வேண்டாம். ஏன்னு கீழ எழுதறேன், நீளமா தான் வரும், ரெண்டு மூணு தடவையா கூட படிங்க பரவால்ல.

நிஜ கொலை கேஸ விரும்பி பாக்குறேன்னு சொல்ல நிறைய பொண்ணுங்க கூச்சப்படறாங்க, ஏதோ மனசுல கோளாறு மாதிரி நினைச்சுக்கறாங்க. அப்படி இல்லம்மா. 2010ல அமெரிக்காவுல அமாண்டா விக்கரி, க்ரிஸ் ஃப்ராலினு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதத்தான் ஆராஞ்சாங்க. போர் பத்தின புத்தகமோ கேங் சண்டை பத்தின புத்தகமோ ஒரு பக்கம், உண்மைக் கொலைக் கதை ஒரு பக்கம்னு வச்சா ஆம்பளைங்கள விட பொண்ணுங்க தான் அந்த உண்மைக் கதைய அதிகமா எடுத்தாங்க, அதுலயும் ஒருத்தி கொலைகாரன்கிட்ட இருந்து எப்படி தந்திரமா தப்பிச்சாங்கறது புத்தகத்துல இருக்குனு தெரிஞ்சா ஆர்வம் இன்னும் கூடுச்சு. இதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல, சின்ன வயசுல இருந்தே இருட்டுறதுக்குள்ள வீட்டுக்கு வா, தனியா போகாத, யாரையும் நம்பாதனு சொல்லிச் சொல்லி வளத்துருக்காங்க, ஆனா ஆபத்து எந்த முகத்தோட வரும், எப்படி ஆரம்பிக்கும்னு யாரும் உக்கார வச்சு சொல்லித் தரல. அத தேடி ஒரு பொண்ணு ராத்திரி போன திறக்குறா, அவ்வளவுதான்.

ஆனா உங்க விஷயத்துல அது மட்டும் தானானு எனக்கு சந்தேகம். லெட்டர்ல அந்த மஃப்ளர் பத்தி எழுதினீங்களே, அந்த ஒரு வரிக்கும் நீங்க கேட்ட கேள்விக்கும் நேரடி சம்பந்தமே இல்ல, இருந்தும் எழுதியிருக்கீங்க. 12 வருஷமா அத மனசுல வச்சிருக்கீங்க. ஒவ்வொரு கேஸ்லயும் அக்கம்பக்கத்துக்காரங்க வந்து உக்காந்து "அன்னைக்கே ஏதோ சரியில்லனு தோணுச்சு"னு சொல்லுவாங்க பாருங்க, அந்த இடத்துல நீங்க போன இன்னும் கிட்ட புடிச்சுப் பாப்பீங்கனு நினைக்கறேன். யாரோ முன்பின் தெரியாத பொண்ணோட கதைக்குள்ள உங்க தோழிய தேடறீங்க, நான் கேட்டிருந்தா காப்பாத்தியிருக்கலாமானு தேடறீங்க. தப்பா சொன்னா மன்னிச்சுக்குங்க, ஆனா பல வருஷமா வீட்ல கொலை நடந்த குடும்பங்களோட பேசிக்கிட்டு இருக்கேன், அவங்ககிட்டயும் அவங்க ஃப்ரெண்ட்ஸ்கிட்டயும் இந்த தேடல பாத்திருக்கேன்.

அதனால அந்த மஃப்ளர் பத்தி ஒரு விஷயம் சொல்லணும். நம்ம மலையில மஃப்ளர் போட்டவங்கள யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க, குளிர்னா போடறாங்க, காதடைப்புனா போடறாங்க, சிலர் பழக்கத்துல வெயில்லயும் போடறாங்க. கீழ மேட்டுப்பாளையத்துல ஒரு பொண்ணு ஏப்ரல் மாசம் மஃப்ளர் போட்டுட்டு பஸ் ஸ்டாண்டுல நின்னா நாலு பேர் கேட்டிருப்பாங்க, கோத்தகிரில கேக்க மாட்டாங்க. 22 வயசுல உங்களுக்கு அது வித்தியாசமா படலைனா அதுல உங்க குத்தம் எதுவும் இல்ல. லைன் வீடுன்னா ஒரே சுவர் தான், பக்கத்து வீட்ல டம்ளர் விழுந்தா கூட கேக்கும், அந்த சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த பெரியவங்க எல்லாருக்கும் சண்டை கேட்டிருக்கும், புருஷன் பொண்டாட்டி விஷயம்னு விட்டிருப்பாங்க. அவ்வளவு பேர் விட்டத நீங்க ஒருத்தி தலையில சுமக்காதீங்க.

கழுத்த நெரிக்கறது பத்தி இவ்வளவு டாக்குமெண்டரி வந்தும் அழுத்திச் சொல்லாத ஒண்ணு இருக்கு. வீட்டுக்குள்ள அடி வாங்கற பொண்ணுங்கள்ல, புருஷனோ துணையோ ஒரு தடவையாவது கழுத்த நெரிச்சிருந்தா, அதே ஆள் கையால கொல்லப்படற வாய்ப்பு 7 மடங்குக்கு மேல கூடுதுனு 2008ல அமெரிக்காவுல வந்த ஆய்வு சொல்லுச்சு. அறையறது, தள்ளறது, அடிக்கறது எல்லாமே கொடுமை தான், ஆனா கழுத்துல கை வைக்கறது தனி எச்சரிக்கை. வெளிய காயமே தெரியாம கூட போகலாம், குரல் கம்மிப் போகும், எச்சில் முழுங்க வலிக்கும், கண்ணுல சின்னச் சின்னதா ரத்தப் புள்ளி தெரியும், ரெண்டு நாள் கழிச்சு கூட மூச்சு திணறலாம், அதனால ஆஸ்பத்திரிக்கு போயே ஆகணும். இன்னொண்ணு, அவன விட்டுட்டு வெளிய வர முடிவெடுக்கற நேரமும் வெளிய வந்த உடனே உள்ள நாட்களும் தான் ரொம்ப ஆபத்து, அப்ப ஒரு பொண்ணு தனியா இருக்கக் கூடாது. இத நீங்க உங்க லைன்ல இருக்கிற பொண்ணுங்ககிட்ட இலை பறிக்கப் போற வழில பேசிக்கிட்டே சொல்லலாம். யாருக்காவது நடக்குதுனு தெரிஞ்சா பெண்கள் உதவி எண் 181 இருக்கு, 24 மணி நேரமும் எடுப்பாங்க.

2023ல மட்டும் உலகம் முழுக்க ஒரு நாளைக்கு சராசரியா 140 பெண்கள், சிறுமிகள் அவங்க துணையாலயோ குடும்பத்து ஆளாலயோ கொல்லப்பட்டிருக்காங்கனு ஐ.நா. அறிக்கை இருக்கு. ஆனா ஓடிடில வர்றது பெரும்பாலும் எது? முகம் தெரியாத ஒருத்தன், ராத்திரி, ஜன்னல், வரிசையா கொலை. உங்க தோழிய கொன்னவன் தாழ்ப்பாளுக்கு உள்ள படுத்திருந்தவன், நீங்க தினம் மூணு தடவ எழுந்து பாக்கறது வெளித் தாழ்ப்பாள. டிவிய அதிகமா பாக்கறவங்க உலகம் நிஜத்துல இருக்கறத விட ஆபத்தானதுனு நம்ப ஆரம்பிச்சுடறாங்கனு ஜார்ஜ் கெர்ப்னர்னு ஒரு பேராசிரியர் ஐம்பது வருஷத்துக்கு முன்னாடியே சொல்லிட்டு போனார். நம்ம ஊர்ல கரடி நடமாட்டம் இருக்கு, காட்டெருமை வாசல் வரைக்கும் வருது, ராத்திரி கதவ ஒழுங்கா சாத்தறது நல்ல பழக்கம் தான், ஒரு தடவ சாத்தினா போதும். ஹெட்செட் மாட்டிக்கிட்டு பாக்கறத முதல்ல நிறுத்துங்க, காது அடைச்சிருந்தா வீட்ல நடக்கற சத்தம் எதுவும் கேக்காது, கழட்டினதும் ஒவ்வொரு சத்தமும் பயமுறுத்தும். புள்ளைங்க தூங்கறதுக்கு முன்னாடியே, சமையல் முடிஞ்ச நேரத்துல சின்ன சவுண்டுல ஒண்ணு பாருங்க, அடுத்த எபிசோடு தானா ஓடற செட்டிங்க ஆஃப் பண்ணிடுங்க. சில வாரம் இப்படி மாத்தியும் தூக்கம் வரல, நெஞ்சு படபடங்குது, தோழி முகம் திரும்பத் திரும்ப வருதுனா 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ், அரசாங்கத்தோட மனநல உதவி எண், இலவசம், தமிழ்லயே பேசலாம்.

இப்ப ரெண்டாவது கேள்வி.

நிஜ குற்றத்த படமா எடுக்கறதே பாவம்னு நான் சொல்ல மாட்டேன். 1976ல அமெரிக்காவுல டல்லாஸ் நகரத்துல ஒரு போலீஸ்காரர சுட்டுக் கொன்னதா ராண்டல் டேல் ஆடம்ஸ்ங்கறவருக்கு மரண தண்டனை விதிச்சாங்க, தண்டனைய நிறைவேத்தற நாள் கிட்டக்க வரைக்கும் போயி தான் அது ஆயுளா மாறுச்சு. 1988ல எரோல் மோரிஸ் எடுத்த டாக்குமெண்டரி அந்த கேஸோட சாட்சிகள ஒவ்வொருத்தரா உக்கார வச்சு பேச விட்டு, சாட்சியம் எவ்வளவு ஓட்டைனு காட்டுச்சு, அடுத்த வருஷம் அவர் வெளிய வந்துட்டார். அந்த கேமரா ஒரு நிரபராதி உயிருக்கு வேலை செஞ்சுது. இன்னொரு பக்கம் பாருங்க, 2022ல அமெரிக்க தொடர் கொலைகாரன் ஜெஃப்ரி டாமர் பத்தி நெட்ஃப்ளிக்ஸ்ல ஒரு சீரிஸ் வந்துச்சு, கொல்லப்பட்ட ஒரு பையனோட அக்கா 1992ல கோர்ட்ல கதறினத அச்சு அசலா அதே மாதிரி துணி, அதே மாதிரி முடி வச்சு நடிக்க வச்சுட்டாங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை கூட கேக்கலனு அந்த அக்கா சொன்னாங்க. முப்பது வருஷம் கழிச்சு தன்னோட அழுகைய இன்னொருத்தி அழறத டிவில பாக்கணும்னா எப்படி இருந்திருக்கும். அந்த சீரிஸ் வந்ததால புதுசா எந்த உண்மையும் வெளிய வரல, யாரும் ஜெயில்ல இருந்து வரல, கொலைகாரனே 1994ல செத்துட்டான்.

தூரத்துல எதுக்கு, நம்ம கோடநாட்டையே எடுத்துக்குங்களேன். 2017 ஏப்ரல்ல அந்த எஸ்டேட்ல ஒரு காவலாளி கொல்லப்பட்டார், நேபாளத்துல இருந்து பொழைக்க வந்தவர். பங்களா பத்தி, உள்ள என்ன இருந்துச்சு, யாருக்கு என்ன லாபம்னு எத்தனை வீடியோ வந்துச்சுனு நீங்களே பாத்திருப்பீங்க. அந்த மனுஷன் வீட்ல யார் இருக்காங்க, அவங்க இப்ப எப்படி பொழைக்கறாங்கனு எத்தனை வீடியோவுல பாத்தீங்க? எனக்கு இதுல ரொம்ப ஆதங்கம் இருக்கு. கேள்வி கேக்கறது தேவை தான், ஆனா செத்தவர் கதைக்குள்ள நுழையறதுக்கு ஒரு வாசல் மாதிரி மட்டும் ஆயிடறார்.

அதனால ஒரு டீம் வந்து நின்னா நான் ரெண்டே விஷயம் பாப்பேன். இன்னும் வெளிய வராத ஏதாவது உண்மை இதால வருமா, அப்புறம் அந்த சாவோட வாழ்ந்துக்கிட்டு இருக்கறவங்க சம்மதிச்சாங்களா. உங்க தோழி கேஸ்ல யார் செஞ்சாங்கனு தெரியும், கோர்ட் தண்டனையும் கொடுத்தாச்சு. அப்ப அவங்க சொல்ற "நியாயம்" எதுனு அவங்ககிட்டயே கேளுங்க. போலீஸ் கம்ப்ளைண்ட் எடுக்காம விட்டுச்சா, ஆஸ்பத்திரில காயத்த பாத்தும் பதிவு பண்ணலையா, எஸ்டேட் நிர்வாகத்துக்கு தெரிஞ்சும் சும்மா இருந்தாங்களா, இப்படி ஏதாவது தேடறாங்கனா அது வேற விஷயம், யோசிக்கலாம். "அவ எப்படிப்பட்ட பொண்ணு, காதல் கல்யாணமா, கடைசி நாள் என்ன சாப்பிட்டா"னு கேக்க வந்தவங்கனா அதுல நியாயம் எதுவும் இல்லம்மா.

முகத்த மறைச்சுடறோம், பேர மாத்திடறோம்னு சொல்லுவாங்க. சென்னையில அது கொஞ்சம் வேலை செய்யும். மலையில செய்யாது. லைனோட தகரக் கூரை ஒரு செகண்டு தெரிஞ்சா போதும், பின்னாடி இருக்கிற ஃபேக்டரி சிம்னி, மினி பஸ் நிக்கற வளைவு, உங்க குரல், இதுல ஏதாவது ஒண்ணு போதும், கீழ் கோத்தகிரில இருந்து குன்னூர் வரைக்கும் யார் வீடுனு சொல்லிடுவாங்க. பாலியல் வன்முறை கேஸ்கள் பத்தி 2018ல சுப்ரீம் கோர்ட் சொன்னது இதே விஷயம் தான், பேர போடலைனா மட்டும் பத்தாது, ஆள் யாருனு தூரத்துல இருந்தாவது கண்டுபிடிக்க உதவற எந்த விவரமும் வரக்கூடாது, அந்தப் பொண்ணு உயிரோட இல்லைனாலும் வரக்கூடாதுனு. உங்க தோழி கேஸ் அந்த சட்டத்துக்குள்ள வராது, ஆனா அந்த நியாயம் இங்கயும் பொருந்தும்.

சட்டம்னு பேச்சு வந்ததால இன்னொண்ணும் சொல்லிடறேன். பல கொலை செஞ்ச ஆட்டோ சங்கர் ஜெயில்ல எழுதின சுயசரிதைய பத்திரிகைல போடலாமா கூடாதானு ஒரு வழக்கு போய் 1994ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு கொடுத்துச்சு, நம்ம தமிழ்நாட்டு கேஸ் தான் அது. கோர்ட் ஆவணம் மாதிரி பொதுப் பதிவுல இருக்கறத யார் வேணா வெளியிடலாம், அதுக்கு மேல ஒருத்தரோட குடும்பம், கல்யாணம், குழந்தை மாதிரி சொந்த விஷயங்கள அவங்க சம்மதம் இல்லாம எழுதினா அது அந்தரங்க உரிமைய மீறறதுனு சொன்னாங்க. அப்ப இந்த டீம் தீர்ப்பு நகல வச்சு படம் எடுத்தா உங்களால தடுக்க முடியாது. ஆனா உங்க மனசுல இருக்கறத, உங்க ஆல்பத்துல இருக்கறத கொடுக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. அந்தப் புள்ளை விஷயம் இன்னும் கவனம். குற்றத்துல பாதிக்கப்பட்ட, இல்ல சாட்சியா இருந்த குழந்தையோட பேரு, அட்ரஸ், ஸ்கூல், போட்டோ எதுவும் மீடியாவுல வரக்கூடாதுனு 2015ம் வருஷத்து சிறார் நீதிச் சட்டத்துல 74வது பிரிவு இருக்கு. சம்பவத்தப்ப வீட்டுக்குள்ள இருந்த குழந்தைங்கறதால அந்தப் பாதுகாப்ப கேக்க முடியுமானு ஊட்டில மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுல கேளுங்க, பொண்ணுங்களுக்கு வருமானம் பாக்காம இலவசமாவே வக்கீல் உதவி கிடைக்கும், 15100க்கு போன் பண்ணினாலும் வழி சொல்லுவாங்க.

அந்தப் புள்ளைய நினைச்சா தான் எனக்கு ரொம்ப கவலையா இருக்கு. காய்ச்சல்னு சொல்லி வளத்ததுக்காக பாட்டிய யாரும் குத்தம் சொல்ல வேண்டாம், 2 வயசுக் குழந்தைகிட்ட வேற என்னத்த சொல்லியிருக்க முடியும், அதுவும் அதே வாரத்துல மகள பொதைச்சுட்டு வேலைக்கும் போன ஒரு பொம்பளை. ஆனா 14 வயசுல கூடப் படிக்கற பசங்க கையில போன் இருக்கு, லைன்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் அவளுக்கு மட்டும் தெரியாம இருக்கறதுங்கறது ரொம்ப நாள் ஓடாது, அரைகுறையா அவ ஏற்கனவே கேட்டிருக்கவும் வாய்ப்பு இருக்கு. டாக்குமெண்டரி வந்தாலும் வராட்டியும், யாரோ ஒருத்தன் அனுப்பற தம்ப்நெயில்ல இருந்து, மேல ரத்தக் கலர்ல எழுத்து போட்டு, அவ தெரிஞ்சுக்கக் கூடாது. பாட்டி வாயால, வீட்ல, லீவு நாள்ல, அவ அழுதாலும் கோபப்பட்டாலும் பக்கத்துல ஆள் இருக்கற நேரத்துல தெரியணும். "உங்க அம்மா காய்ச்சல்ல சாகல, உங்க அப்பா தான் அவ சாவுக்கு காரணம், அதுக்கு கோர்ட் தண்டனை கொடுத்துச்சு, நீ சின்னக் குழந்தைங்கறதால சொல்லல, இதுல உன் தப்பு எதுவும் இல்ல" இந்த அளவு போதும் முதல் நாளைக்கு, எப்படி எங்கனு விவரம் அவ கேட்டா மட்டும், கேட்ட அளவுக்கு மட்டும். ஏன் பொய் சொன்னீங்கனு கத்துவா, கத்தட்டும், அப்ப எதிர்வாதம் பண்ண வேண்டாம். ஸ்கூல்ல நம்பற டீச்சர் ஒருத்தர்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. பாட்டிக்கு தனியா சொல்ல தைரியம் வரலைனா குழந்தைகள் உதவி எண் 1098ல கேளுங்க, குழந்தைகளோட பேசறதுக்குனே ஆள் ஏற்பாடு பண்ணுவாங்க.

அந்த அம்மாகிட்ட நீங்க எப்படி கேக்கறதுனு தயங்குவீங்க. சாயந்தரம் இலை எடை போட்டுட்டு களைப்பா வர்ற நேரம் வேண்டாம், ஞாயித்துக்கிழமை காலைல போங்க. சுத்தி வளைக்காதீங்க. டீம் வந்தது, என்ன கேட்டாங்க, பணம் தரேன்னது, எல்லாத்தையும் மறைக்காம சொல்லுங்க, "நீங்க வேண்டாம்னா நான் பேச மாட்டேன் அத்தை"னு முதல்லயே சொல்லிட்டு அப்புறம் கேளுங்க, இல்லைனா உங்க மனசு நோகுமேனு அவங்க சரினு சொல்லிட வாய்ப்பிருக்கு. அவங்க வேண்டாம்னே சொல்லுவாங்கனு நினைச்சுக்கிட்டு போகாதீங்க. சில அம்மாக்கள் பேசணும்னு வருஷக்கணக்கா காத்துக்கிட்டு இருப்பாங்க, மகள பத்தி யாரும் பேரே எடுக்காம இருக்கறது தான் அவங்களுக்கு பெரிய வலி, ஊரு மறந்துடுச்சுனு நினைப்பாங்க. அப்படி அவங்க ஆசப்பட்டா அது அவங்க உரிமை, நீங்க கூட இருங்க. ஆனா முதல்ல பேத்திக்கு விஷயம் தெரியணும், அதுக்கு அப்புறம் தான் கேமரா, இந்த வரிசைய மட்டும் மாத்தாதீங்க. டீம்கிட்ட யார் தயாரிக்கறாங்க, எதுல வரும், பேத்திய பத்தி ஒரு வரியும் வராதுங்கறது, வெளியிடறதுக்கு முன்னாடி குடும்பத்துக்கு போட்டுக் காட்டறது, எல்லாம் எழுத்துல வாங்குங்க. ஒப்புதல் பாரம்னு ஒண்ணு நீட்டுவாங்க, பெரும்பாலும் இங்கிலீஷ்ல இருக்கும், அன்னைக்கே கையெழுத்து போட வேண்டாம், ஒரு காப்பி வாங்கி வச்சுக்கிட்டு தெரிஞ்சவங்ககிட்ட படிக்கச் சொல்லுங்க.

பணம் பத்தி நீங்க ஒரு வரி தான் எழுதியிருக்கீங்க, ஆனா லைன்ல அந்தக் காசு எவ்வளவு பெருசுனு எனக்கு தெரியும், ஆசை வந்தா அதுக்கு வெக்கப்படாதீங்க. பணம் வாங்கினா அவங்க எதிர்பாக்கற மாதிரி பேசணும்னு ஒரு அழுத்தம் தானா வந்துடும், அதனால பேசறதா இருந்தாலும் வாங்காம பேசறது நல்லது. போட்டோ கண்டிப்பா கொடுக்காதீங்க. ஸ்கூல் க்ரூப் போட்டோல உங்க தோழி மட்டும் இல்ல, கூட நிக்கற பொண்ணுங்க எல்லாருக்கும் இப்ப குடும்பம் இருக்கும், அவங்க யாரும் ஒரு கொலை டாக்குமெண்டரில வர சம்மதிக்கல.

சனிக்கிழமை வந்தா வாசல்லயே நின்னு பேசுங்க, வீட்டுக்குள்ள உக்கார வைக்க வேண்டாம், பேசும்போது போன்லயோ கேமராவுலயோ ரெக்கார்ட் ஓடுதானு முதல்ல கேளுங்க. "அவங்க அம்மாகிட்ட நான் இன்னும் பேசல, அவங்க சம்மதிக்காம நான் எதுவும் சொல்ல மாட்டேன், போட்டோவும் தர மாட்டேன்" இது போதும், காரணம் விளக்க வேண்டாம், விளக்கினா அதுலயே பேச்சு வளத்துடுவாங்க. நேரா அந்த அம்மா வீட்டுக்கோ புள்ளை படிக்கற ஸ்கூலுக்கோ போற மாதிரி தெரிஞ்சா அன்னைக்கே ஹெட்மாஸ்டருக்கு சொல்லிட்டு 1098க்கும் போன் பண்ணிடுங்க. அந்த அம்மா என்ன சொன்னாங்கனு ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் எனக்கு எழுதுங்க, புள்ளைகிட்ட சொல்றதுக்கு உதவி வேணும்னா நானே கோத்தகிரி வரேன்.